டீக்கடை வாக்குவாதமும் ஒரு நெட்டைக்காலியும்

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது 47. மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு குழுவினரோடு கண்மாய்களுக்குப் பறவை பார்க்கப் போகிறேன். கரையில் நடக்கும் இரண்டு மணி நேரம் இனிமையாகக் கழிகிறது. அதன் பிறகு டீக்கடையில் தொடங்கும் வாக்குவாதம்தான், வீடு திரும்பிய பின்னும் என்னை விடாமல் அரிக்கிறது. பறவையின் பெயர், கேமரா, பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவது, சீமைக் கருவேலம், யார் எத்தனை இனம் பார்த்தார் என்று வாரந்தோறும் ஏதாவது ஒன்று கிளம்பிவிடுகிறது. சென்ற மாதம் நான் ஒரு கருத்தைச் சொன்னபோது, "சொந்தமாகப் பைனாகுலர்கூட இல்லாதவர்கள் எல்லாம் பேச வந்துவிட்டார்கள்" என்றார் ஒருவர். பேசினால் இந்தக் கதி. பேசாமல் இருந்தால் மனசாட்சி உறுத்துகிறது. போவதையே நிறுத்திவிடலாமா? இல்லை, எதில் பேசுவது, எதில் ஒதுங்குவது என்று ஒரு வழி சொல்வீர்களா? இன்னொரு சிறு கேள்வி: ஜூலை மாதம் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் நாங்கள் பார்த்த நெட்டைக்காலி என்ற சிறு தரைப்பறவை எந்த வகை என்பது எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.
பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போவதை நிறுத்த வேண்டாம். டீக்கடைக்குப் போவதை வேண்டுமானால் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். ஃபிளாஸ்க்கில் வீட்டிலிருந்தே டீ எடுத்துச் சென்று கரையிலேயே குடித்துவிட்டு, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் புறப்படுவதில் யாருக்கும் மனக்கசப்பு வராது. எழுந்து போகிற பழக்கம் ஒன்று வந்துவிட்டால், எந்தப் பேச்சிலிருந்து எழுவது என்பதையும் நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

என்னுடைய கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில், தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்த கண்மாயின் புல்தரையில் ஒரு நெட்டைக்காலி ஓடி ஓடி நின்றுகொண்டிருந்தது. உடன் வந்த பெரியவர், அது வடக்கிலிருந்து வலசை வருகிற ரிச்சர்டு நெட்டைக்காலி என்றார்; நான், இங்கேயே கூடு கட்டி வாழ்கிற வயல் நெட்டைக்காலி என்றேன். அவர் அதன் உயரத்தையும் நிமிர்ந்து நிற்கும் தோரணையையும் சொன்னார். நான் முதுகுக் கோடுகளைச் சொன்னேன். இருவரும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தை மற்றவர் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு எழும்பிப் பறக்கும்போது அவை எழுப்பும் குரலுக்கு உண்டு: ரிச்சர்டின் குரல் கரகரத்து உரக்க வெடிக்கும், வயல் நெட்டைக்காலியினுடையது மெலிந்த, சின்னக் குரல். எங்கள் பறவை எழும்பிப் பறந்தது, கத்தவும் கத்தியிருக்கலாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததால் இருவருமே அதைக் கேட்கவில்லை. எங்கள் தலைக்கு மேலேயே ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து போனதை, எங்களோடு வந்திருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அந்தப் பெரியவரும் நானும் அடுத்த ஒன்றரை ஆண்டு ஒரே கரையில் இருபது அடி இடைவெளி விட்டு நடந்தோம்.

அன்றிலிருந்து எந்தப் பேச்சிலும் நுழைவதற்கு முன் எனக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இதை எது தீர்த்து வைக்கும்? பறவை இன்னும் எதிரே நிற்கிறது என்றால் அது தீர்த்து வைக்கும். அப்போது வாயை மூடிக்கொண்டு கண்ணையும் காதையும் திறந்து வைப்பதே வாதத்தில் கலந்துகொள்ளும் முறை. பறவை போய்விட்டது, தெளிவான படமோ குரல்பதிவோ இல்லை என்றால் தீர்த்து வைக்க யாருமில்லை. அங்கே வெல்வது உரத்த குரல்தான். அப்படிப்பட்ட இடத்தில் "நெட்டைக்காலி, வகை தெரியவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடலாம். பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் இ-பேர்டு இணையதளத்திலேயே வகை பிரிக்க முடியாத பறவையை அப்படியே பதிவதற்குத் தனி இடம் இருக்கிறது. தெரியவில்லை என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை ஒரு ஆசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேமராவா பைனாகுலரா, எந்த நிறுவனத்தின் லென்ஸ், யாருடைய வாழ்நாள் பட்டியல் நானூறைத் தாண்டியது என்பவற்றில் உங்களுக்கு வேலையே இல்லை. சிரித்துவிட்டு எழுந்துவிடுங்கள். ஒரே இனத்தை இரண்டாகப் பிரித்தது சரியா என்ற வாதமும் ஏறக்குறைய இந்த வகைதான். நாம் காலமெல்லாம் ஒன்றாகப் பார்த்துவந்த உண்ணிக்கொக்கை மேற்கு, கிழக்கு என இரண்டு இனங்களாக இப்போது பிரித்துவிட்டார்கள். அந்தக் கொக்குக்கும் தெரியாது, அதைச் சுமக்கும் மாட்டுக்கும் தெரியாது. உலகப் பறவைப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டுக் கிடந்ததைச் சரிசெய்ய 2025-இல் அவிலிஸ்ட் என்ற ஒருங்கிணைந்த பட்டியலே வந்துவிட்டது. காலமும் வல்லுநர்களும் தீர்க்கிற வழக்கை நாம் வடையும் கையுமாக விசாரிக்க வேண்டுமா?

பெயர்ச் சண்டையை மட்டும் நான் வேறு கணக்கில் வைக்கிறேன். இது என் பலவீனம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் வாடையில் நடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர், தன் மனைவிக்குத் தூது சொல்லி அனுப்பிய செங்கால் நாரை எந்தப் பறவை? பிளந்த பனங்கிழங்கு போன்ற பவள நிற அலகும் சிவந்த காலும் குமரியிலிருந்து வடக்கே போகிற பயணமும் சேர்ந்தால், வலசை வரும் வெண்நாரை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கண்மாய்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைதான் என்று சாதிக்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். இதுவும் தீராத வழக்குதான். ஆனால் இந்தப் பேச்சில் இருந்த ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டை ஒருமுறை படித்துவிட்டு, அடுத்த வாரம் நாரையின் அலகைக் கூர்ந்து பார்த்தார்கள். எதிராளி தோற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத வரை இப்படிப்பட்ட பேச்சில் தாராளமாக உட்காருங்கள். "உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள்?" என்று கேட்பவர் இருக்கும் இடத்தில் உட்காரலாம், "அது தப்பு, இதுதான் சரியான தமிழ்" என்று தொடங்குபவர் இருக்கும் இடத்தில் டீ ஆறிப்போகும்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டதை இரண்டு முறை படித்தேன். தென் மாவட்டங்களில் இதைவிடச் சூடான பேச்சு பறவை பார்ப்பவர்களிடையே வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. 2017-இல் இது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காகி, ஊரூராக மரங்களை அகற்றியபோது குழுக்களே இரண்டுபட்டன. கண்மாயை அடைத்து வளர்ந்து வேறு எதையும் தழைக்கவிடாத மரம் என்பதும் உண்மை. சில கண்மாய்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அதன்மீதே கூடு வைத்திருப்பதும் உண்மை. இராமநாதபுரத்துப் பக்கம் அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருப்பதும் உண்மை. மூன்று உண்மைகளையும் தெரிந்தவர்கள் பேசும்போது பேச்சு மெதுவாகத்தான் போகும். "மொத்தமாக வெட்டு", "ஒன்றையும் தொடாதே" என்று இரண்டு அணியாகப் பிரிந்து கத்துகிற இடத்தில் நீங்கள் மூன்றாவது அணியாகப் போய் நிற்காதீர்கள். எந்தக் கண்மாய், எந்த மாதம், எத்தனை கூடுகள், ஓரத்தில் நாட்டுக் கருவேலம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல யாராவது முன்வந்தால் இருங்கள். மறுபடி கோஷமே வந்தால் கிளம்பிவிடுங்கள். அடுத்த ஞாயிறு நீங்களே ஒரு நோட்டுடன் போய்க் கூடுகளை எண்ணிக்கொண்டு வந்தால், அந்த நோட்டு எந்த வாதத்தைவிடவும் ஊராட்சியில் எடுபடும்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவது பற்றிச் சற்றுக் கவனமாகவே சொல்ல வேண்டும். ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில் நம் தோப்புகளுக்கு வந்து, காலையிலும் மாலையிலும் ஆறு மணிவாக்கில் குரல் கொடுக்கும். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். பொறுமையாகக் காத்திருந்தால் தானாகவே கூப்பிடுகிற பறவையை, காத்திருக்க மனமில்லாமல் கைப்பேசியில் அதன் குரலைப் போட்டுப் புதரிலிருந்து வெளியே இழுக்கிறார்கள். தன் இடத்துக்குள் இன்னொன்று புகுந்துவிட்டதென்று நம்பி அது இரை தேடுவதை விட்டு ஓடி வருகிறது. ஒரு முறை, ஒரு நிமிடம் என்றால் பெரிய கேடில்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரே தோப்புக்கு ஒரே காலையில் பத்துப் பேர் வந்து ஆளுக்கு ஒரு நிமிடம் போட்டால் என்னவாகும் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. இதில் நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கைப்பேசி ஒலித்துக்கொண்டிருக்கும்போது பேசாதீர்கள்; அந்த நேரத்தில் சொன்னால் அது ஒரு மனிதரை எல்லார் முன்னாலும் கண்டிப்பதாகிவிடும், அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். முந்தின நாள் குழுவை நடத்துபவரை அழைத்து, "நாளைக்கு யாரும் குரல் போட வேண்டாம் என்று புறப்படும்போதே பொதுவாகச் சொல்லிவிடுங்கள் சார்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகச் சொன்ன விதி யார் முகத்திலும் அடிக்காது.

கூட்டுக்கு அருகே நடப்பது வேறு விஷயம். அதற்கு முந்தின நாளும் இல்லை, குழுத் தலைவரும் இல்லை. அந்த நிமிடமே வாய் திறக்க வேண்டும். ஒரு மே மாதம், பத்து மணி வெயிலில், சரளைத் தரையில் ஆள்காட்டி இட்டிருந்த நான்கு முட்டைகளைச் சுற்றி மூன்று பேர் முழங்காலிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கூடென்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை; சில கூழாங்கற்களுக்கு நடுவே மண் நிறத்தில் நான்கு முட்டைகள், அவ்வளவுதான். தாய்ப்பறவை இருபதடி தள்ளி ஓடுவதும் திரும்புவதும் கத்துவதுமாக இருந்தது. தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர்விக்கிற பறவை அது. அந்த வெயிலில் கால் மணி நேரம் அதை விலக்கி வைத்தால் முட்டைக்குள் என்ன நடக்கும் என்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை, நினைவில் இல்லை. நான் அன்று பேசவில்லை. பைனாகுலரைத் துடைப்பதுபோல் குனிந்து நின்றேன். நெட்டைக்காலிக்காக ஒன்றரை ஆண்டு ஒருவரோடு பேசாமல் இருந்த ஆள் நான். ஆள்காட்டிக்காக ஒரு வாக்கியம் பேச எனக்கு அன்று வாய் வரவில்லை.

உங்கள் மனசாட்சி உறுத்துவதாக எழுதியிருப்பது இப்படியான இடங்களைப் பற்றித்தான் என்று ஊகிக்கிறேன். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்துக்குள்ளேயே, காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதையும் சேர்த்திருக்கிறது. என்றாலும் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம். "அண்ணா, தாய் வெயிலில் நிற்கிறது; நாம் எல்லாரும் கரைக்குப் போய்விடுவோம், அங்கிருந்தே உங்கள் லென்ஸுக்கு எட்டும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் முதலில் நடக்கத் தொடங்குங்கள். 'நீங்கள்' என்று விரல் நீட்டாமல் 'நாம்' என்று சொல்லி நடப்பவரின் பின்னால் பெரும்பாலும் ஆட்கள் வந்துவிடுவார்கள். வராதவரிடம் விவாதித்துக்கொண்டு அங்கேயே நிற்காதீர்கள். கூட்டருகே மேலும் ஒரு ஆள் நின்றதாகத்தான் முடியும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் ஆட்சியரிடம் போய் முறையிட்டு, பாதுகாப்புக்கு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களில் யாரும் பைனாகுலர் வைத்திருக்கவில்லை.

அந்தப் பைனாகுலர் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லாமல் விட்டிருந்தால், அப்படியே விட்டுவிடுங்கள். அதைப் பேசியவர் உங்கள் கருத்தை மறுக்கவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்; மறுக்க முடிந்திருந்தால் பைனாகுலரைத் தேடிப் போயிருக்க மாட்டார். எப்போதாவது சொந்தமாக ஒன்று வாங்கத் தோன்றினால், கண்மாய்ப் பறவைகளுக்கு எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பும் உள்ளது போதும். அதிகப் பெருக்கம் என்று பத்து, பன்னிரண்டுக்குப் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும்.

கடைசியாக உங்கள் சிறு கேள்வி. ரிச்சர்டு நெட்டைக்காலியும் அதன் உறவான பிளித் நெட்டைக்காலியும் குளிர்காலத்தில்தான் இங்கே வருகின்றன. ஜூலையில் அவை சைபீரியா, மங்கோலியா பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். ஆகவே நீங்கள் வறண்ட கண்மாய்க்குள் பார்த்தது வயல் நெட்டைக்காலியாகத்தான் இருக்க வேண்டும். யாராவது கேட்டால் சொல்லுங்கள்.