பங்குனி வெயிலில் ராஜபாளையம் நாய்க்குட்டிகள்: மூன்றாவது வாரத்தில் ஏன் சாகின்றன?

கேள்வி: ஐயா, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் பருத்தியும் கம்பும் போடுகிறேன். தோட்டத்திலேயே கொட்டகை போட்டு நான்கு ராஜபாளையம் பொட்டை, ஒரு கடுவன் வைத்துக் குட்டி எடுத்து விற்கிறேன். போன பங்குனியில் இரண்டு ஈற்றில் பிறந்த 13 குட்டிகளில் 7 செத்துவிட்டன. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தவை, மூன்றாவது வாரத்தில் திடீரென்று சோர்ந்து, ஈறு வெளுத்து, கறுப்பாகக் கழிந்து, ஒரே நாளில் போய்விட்டன. மலத்தைச் சோதித்ததில் புழு இல்லை என்றார்கள். உண்ணித் தொல்லையும் தாங்கவில்லை. பருத்திக்கு அடிக்கும் மருந்தை நீர்த்துத் தெளிக்கலாமா? தாய்க்குச் சினையிலிருந்தே கால்சியம் டானிக் தருகிறேன். இப்போது ஒரு நாய் 7 குட்டி ஈன்று பத்து நாள் ஆகிறது. இன்னொன்று 45 நாள் சினை. கோடை விடுமுறைக்காக 40 நாள் குட்டியாகவே கேட்கிறார்கள். அன்றாடம் எதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: முதலில் அந்தத் தெளிப்பானைக் கீழே வையுங்கள். பயிருக்கு அடிக்கும் மருந்து நாய்க்கு வேண்டவே வேண்டாம், எவ்வளவு நீர்த்தாலும் சரி. நாய் தன் உடம்பை நக்கும், குட்டி தாயின் காம்பைச் சப்பும். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உள்ளே போனால் எச்சில் நூலாக வடியும், கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கும், உடம்பு வெடவெடக்கும். அப்படித் துடித்த நாய்களைப் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் எல்லோரும் சொன்னது, "கொஞ்சமாத்தான் சார் கலந்தேன்" என்பதுதான்.

உண்ணிக்கு அப்புறம் வருகிறேன். குட்டிகள் செத்ததைப் பேசுவோம்.

மூன்றாவது வாரம், வெளுத்த ஈறு, தார் மாதிரிக் கழிச்சல், கொழுகொழுவென்று இருந்த குட்டி ஒரே நாளில் சாய்வது. நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்றாலும், இந்த நான்கும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் முதலில் கொக்கிப்புழு மேல்தான். அது குடல் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். அரைக் கிலோ, முக்கால் கிலோ குட்டியின் உடம்பில் இரத்தமே எவ்வளவு இருக்கும்? மலத்தில் புழு இல்லை என்று சொன்னார்களே என்பீர்கள். சோதனையில் தேடுவது புழுவின் முட்டையை. குட்டிக்குள் போன புழு வளர்ந்து முட்டையிட இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். இரத்தம் குடிப்பதோ அதற்கு முன்பே தொடங்கிவிடும். முட்டை கண்ணில் படுவதற்குள் குட்டி போய்விடுகிறது. சோதித்தவர் சொன்னதும் பொய்யில்லை, குட்டி புழுவால் செத்ததும் பொய்யில்லை.

அத்தனை சின்னக் குட்டிக்குப் புழு எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து. தாயின் சதையில் இந்தப் புழுவின் இளம்பருவம் உறங்கிக் கிடக்கும். சாதாரணமாகப் பூச்சி மாத்திரை கொடுத்தால் குடலில் இருப்பது வெளியேறும், சதையில் உறங்குவது அப்படியே இருக்கும். ஈன்றதும் அது விழித்துப் பாலோடு குட்டிக்குள் இறங்கிவிடும். உருண்டைப்புழு இன்னும் ஒரு படி மேல்: கருவிலேயே குட்டிக்குள் போய்விடும். ஆகவே குட்டி நோஞ்சானானதும் மருந்து தேடுவது பிந்திய வேலை.

உங்களுக்கு நேரம் இருக்கிறது. 45 நாள் சினையாக இருக்கும் நாய்க்கு இன்றே தொடங்கலாம். சினையின் 40ஆம் நாளிலிருந்து ஈன்ற 14ஆம் நாள் வரை தினமும் ஃபென்பென்டசோல் என்னும் குடற்புழு மருந்து, கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் என்பது வழக்கத்தில் உள்ள முறை. ஐந்து நாள் தாமதம் பரவாயில்லை. எடையைப் பார்த்து உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் எழுதித் தரட்டும். ஆட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் அல்பெண்டசோல் பாட்டிலை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பெயர் ஒன்றுபோலக் காதில் விழும், ஆனால் சினை நாய்க்கு அது ஆகாது.

பத்து நாள் குட்டிகளுக்கு இன்னும் நான்கு நாளில் முதல் மருந்து. இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது வாரம் என்று நான்கு தடவை பைரான்டெல் சொட்டு, எடைக்குத் தக்கபடி. தாய்க்கும் அதே நாட்களில் கொடுங்கள். எந்தக் குட்டிக்காவது ஈறு வெளுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வேறொரு நாயின் இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைக்க முடியும், ஆனால் மறுநாள் என்று தள்ளினால் முடியாது.

இனி அன்றாட வேலை. விடிந்ததும் வாளியைத் தொடுவதற்கு முன் குட்டிப் பெட்டிக்கு முன்னால் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர்கிறது. மூலைக்கு ஒன்றாகச் சிதறி வாய் திறந்து கிடந்தால் வெக்கை. அடுத்தடுத்து மெத்தென்று படுத்துத் தூக்கத்தில் காலை உதறிக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. முதல் இரண்டு, மூன்று வாரம் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. பங்குனியில் பகலெல்லாம் அனல் அடித்தாலும் உங்கள் பக்கம் மலையடிவாரம், விடியற்காலையில் சிலுசிலுப்பு இருக்கும். இரவில் வெக்கை என்று மின்விசிறியைக் குட்டிப் பெட்டிக்கு நேராக வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விசிறி தாய்க்கு வேண்டும், குட்டிக்கு வேண்டாம். தாய் எழுந்து போய்ப் படுக்க ஒரு குளிர்ந்த மூலை இருந்தால் போதும், அது பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தூக்கி மேல் உதட்டை விரலால் விலக்கி ஈறைப் பாருங்கள். வெள்ளை நாய், மூக்கும் இளஞ்சிவப்பு, அதனால் மேலே பார்த்து நிறம் சொல்ல முடியாது, ஈறுதான் சொல்லும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். பிறகு தராசு. காய்கறி நிறுக்கும் சின்ன மின்தராசு போதும். பிறந்த எடை எட்டு, பத்து நாளில் இரட்டிப்பாக வேண்டும். தினமும் கொஞ்சமாவது ஏறவேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனம், இறங்கினால் அலாரம். ஒரே மாதிரி வெள்ளைக் குட்டிகள் என்பதால் கழுத்தில் வேறு வேறு நிற நூல் கட்டிக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை தளர்த்திக் கட்ட மறக்காமல்.

கழிவை அள்ளுவது அடுத்த வேலை. ஈரமும் சூடும் உள்ள மண்ணில் கொக்கிப்புழு முட்டை ஒரு வாரத்துக்குள் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். தினமும் அள்ளிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். அள்ளியதை எருக்குழியில் போடாதீர்கள், கீரைப் பாத்திப் பக்கமே போக வேண்டாம். தனிக்குழி தோண்டி மூடுங்கள். இந்தப் புழு மனிதர் பாதத்திலும் துளைத்து ஏறும், வீட்டுப் பிள்ளைகள் கொட்டகைக்குள் வெறுங்காலோடு ஓடக் கூடாது. கழுவிய தரை காய வேண்டும், அதனால் கழுவுவது காலையில், வெயில் ஏறும்போது. சிலர் குட்டி அறைக்கு வழவழ டைல்ஸ் போடுகிறார்கள். அதில் கால் வழுக்கி, தொடை இரண்டு பக்கமும் விரிந்து, தவளை மாதிரித் தவழும் குட்டிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சொரசொரப்பான சிமெண்டுத் தரை, மேலே இறுக்கி விரித்த சாக்கு, அதைத் தினம் மாற்றித் துவைத்து வெயிலில் போடுவது, இதுபோல் வராது.

சரி, உண்ணி. நாயின் மேல் நீங்கள் பார்ப்பது வந்து சாப்பிட்டுப் போகிற கூட்டம். குடியிருப்பு சுவரில். நாய்களில் பிடிக்கும் பழுப்பு உண்ணி குஞ்சாக, இளசாக, முதிர்ந்ததாக மூன்று தடவை இரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே விழுந்து சுவர் விரிசலிலும் கூரைக் கீற்றிலும் ஏறித் தோல் உரிக்கும். நிறைந்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு பண்ணையில் குட்டி அறைச் சுவரின் உப்பிய பூச்சைச் சாவியால் நெம்பினேன். பலகை மாதிரிப் பெயர்ந்து வந்த பூச்சுக்குப் பின்னால் மிளகைக் கொட்டிவைத்ததுபோல் உண்ணி. நாய்க்கு மாதாமாதம் மருந்து போடுகிறோமே என்று அந்த வீட்டுக்காரர் அதுவரை என்னோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுங்கள். உப்பிய பூச்சைத் தட்டி எடுத்து விரிசலைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கதவு நிலை, கட்டிலின் கயிற்று முடிச்சு, சங்கிலி மாட்டும் வளையம், எல்லாம் அதன் ஒளிவிடம். பெரிய நாய்களுக்கு எடைக்கேற்ற உண்ணி மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டோ மருத்துவர் தருவார். பால் கொடுக்கும் நாய்க்கும் சினை நாய்க்கும் எது பொருந்தும் என்று கேட்டு வாங்குங்கள். எல்லா நாய்க்கும் ஒரே நாளில் போட்டால்தான் பலன். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினைக் கண்ணளவில் குத்தும் பழக்கம் நம் பக்கம் உண்டு. மாட்டின் அளவும் நாயின் அளவும் எட்டாத தூரம், அதைச் செய்யாதீர்கள். குட்டிகளுக்கு மருந்தில்லாமல் சாமணத்தால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், நகத்தால் நசுக்க வேண்டாம். பெரிய நாய் தீனி மறுத்து, காய்ச்சலோடு மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் காப்பி நிறமானாலோ உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்துக் கிளம்பிவிடுங்கள்.

கால்சியம் டானிக்கை இன்றோடு நிறுத்துங்கள். நல்லது என்று நினைத்துத்தான் கொடுக்கிறீர்கள், விளைவு தலைகீழ். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் சுரப்பி, வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால் சோம்பிவிடும். ஈன்ற இரண்டு, மூன்று வாரத்தில் ஏழு குட்டியும் உறிஞ்சும்போது அதனால் உடனே ஈடுகொடுக்க முடியாது. அப்போது தாய்க்கு மூச்சு இரைக்கும், நிலைகொள்ளாமல் நடக்கும், கால் விறைக்கும், வலிப்பு வரும். அப்படிக் கண்டால் குட்டிகளை உடனே பிரித்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் எழுந்து நிற்கும். சினையின் கடைசி மூன்று வாரம் தீனியைக் கூட்டுங்கள்; பால் கொடுக்கும் காலத்தில் வழக்கமான அளவைப் போல் இரண்டு, மூன்று மடங்கு சாப்பிடும். வெயிலில் ஒரே வேளையில் இறங்காது. விடியற்காலை, பொழுது சாய்ந்த பிறகு, இரவு படுக்கும் முன் என்று பிரித்து வையுங்கள். கம்பும் கேழ்வரகும் இருக்கட்டும், அதோடு முட்டையோ கறியோ சேராமல் பால் ஊறாது. மண்சட்டியில் தண்ணீர் எப்போதும் நிழலில் இருக்க வேண்டும்.

விற்பனைக்கு வருகிறேன். 40 நாளில் கொடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்ய வேண்டும். பொட்டைக்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது, அடுத்தடுத்த பருவத்தில் ஈற்று எடுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். மாசிக் கடைசியில் பிறந்த உங்கள் குட்டிக்குச் சித்திரைக் கடைசியில் எட்டு வாரம் நிறைகிறது. அப்போதும் பள்ளி விடுமுறைதான், ஒரு வியாபாரமும் கெடப்போவதில்லை. சினையாக இருப்பதன் குட்டிகள்தான் வைகாசிக் கடைசிக்குத் தள்ளும், அதில் கொஞ்சம் விலை இறங்கலாம்.

அந்தக் கூடுதல் நாட்களில் செய்ய வேண்டியது இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, அட்டையோடு கொடுங்கள். அப்புறம், ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டி பிறப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருகிற குறை அது. ஐந்தாறு வாரத்தில் ஒவ்வொன்றையும் தனியாகக் கொண்டுபோய், அதன் பார்வையில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையைத் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும், அது ஏமாற்று. கேட்காத குட்டியைச் சொல்லியே கொடுங்கள், அதை ஈற்றுக்கு வைக்க வேண்டாம். செவிட்டுக் குட்டி மறுபடி மறுபடி தரும் ஜோடியையும் மாற்றிவிடுங்கள்.

விடுமுறையில் குட்டி பார்க்கக் குடும்பத்தோடு வருவார்கள், நான்கு பண்ணை ஏறி இறங்கி. பார்வோ என்னும் கழிச்சல் நோய் வைரஸ் அவர்கள் செருப்பில் வரும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் அதைக் கொல்லாது. வாசனைதான் மிச்சம், குட்டிக்கும் ஆகாது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ஒரு பங்கு ஹைப்போகுளோரைட் ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள், அதுவரை நாய்களை வெளியே கட்டிவிட்டு. வருகிறவர்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, பெட்டிக்குள் கைவிட விடாமல் குட்டியை நீங்களே தூக்கிவந்து காட்டுங்கள். கோபித்துக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும்.

வரும் நான்காம் நாள் மருந்து வாங்கப் போகும்போது ஏழு குட்டியின் எடையையும் நூல் நிறத்தோடு எழுதி எடுத்துப் போங்கள். சினை நாயை மட்டும் அதுவரை காத்திருக்காமல் இன்றே வண்டியில் ஏற்றிப்போய் எடை பார்த்துவிடுங்கள்.