செடிக்குப் பசி இல்லை, மூச்சு முட்டுகிறது

உரம் போட்டும் செடி மஞ்சளாகிறது, ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இது சத்துக் குறைவாக எனக்குத் தோன்றவில்லை. மண் இறுகி வேருக்குக் காற்று போகவில்லை. நல்ல மண்ணில் கிட்டத்தட்ட பாதி வெற்றிடம்தான். காற்றும் நீரும் அங்கேதான் இருக்கும். மட்கு, அதாவது மண்ணில் மக்கிப்போன இலை தழைகள், சுமார் 5 சதவீதம். அந்தக் கொஞ்சத்தை நம்பிப் பிழைக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுரக்கும் பசைதான் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கிறது. காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக நீரில் போட்டுப் பாருங்கள். உடனே கரைந்து சேறானால் அந்தப் பசை போய்விட்டது.

கொஞ்சம் மணல் கலந்தால் சரியாகும் என்பார்கள், வேண்டாம். களிமண் இன்னும் இறுகும் (நானும் கெடுத்தவன்தான்). மட்கிய உரத்தை மேலாகப் பரப்பிக் காய்ந்த இலைகளால் மூடுங்கள். ஈரத்தில் மட்டும் கிளறாதீர்கள்.