கண்டக்டிங் பாலிமர்ல சைடு செயின் வெறும் கரைய வைக்கறதுக்கு மட்டும்தானா?

கண்டக்டிங் பாலிமர்னா கரண்ட் கடத்தற பிளாஸ்டிக். அதுல கரண்ட் ஓடறது பேக்போன், அதாவது நடுவுல ஓடற முதுகெலும்புச் சங்கிலி வழியா, சைடு செயின்ங்கறது வெறும் கார்பன் ஹைட்ரஜன் வால், அதுல எதுவும் ஓடாது, அப்புறம் ஏன் ஆளாளுக்கு அதையே மாத்தி மாத்தி பேப்பர் போடறாங்கன்னு கேட்டிருக்கீங்க. எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுக்கறதுன்னும் கேட்டிருக்கீங்க. பெங்களூர்ல பிஎச்டி சேர்ந்த புதுசுல நானும் இதையேதான் நினைச்சிட்டு இருந்தேன், நினைச்சதுக்கு ஆறு வாரம் தண்டம் கட்டினேன்.

முதல்ல கரையற விஷயம். அதை "வெறும்"னு சொல்லாதீங்க. 1977ல ஷிரகாவா, மெக்டையர்மிட், ஹீகர் மூணு பேரும் பாலிஅசெட்டிலீன்ங்கற பாலிமர்ல டோப் பண்ணி (வேற பொருளைக் கொஞ்சம் சேர்த்து) கரண்ட் ஓட வெச்சாங்க, 2000ல நோபலும் வந்துச்சு, ஆனா அந்தப் பொருள் எதுலயும் கரையாது, உருகவும் உருகாது. தயோஃபீன்ங்கற கந்தக வளையங்களைக் கோத்த பாலிதயோஃபீனும் அதே கதைதான். 80கள் நடுவுல தயோஃபீன் வளையத்தோட மூணாவது இடத்துல ஆல்கைல் வால் (அதான் அந்த கார்பன் ஹைட்ரஜன் வால்) ஒட்ட வெச்சு பார்த்தாங்க, பியூட்டைலோ (நாலு கார்பன்) அதுக்கு மேலயோ இருந்தா குளோரோஃபார்ம்ல கரைஞ்சுது. மெத்தில் மாதிரி குட்டை வால்லாம் பத்தாது.

இப்ப என் கதை. பி3ஹெச்டி, அதாவது ஹெக்ஸைல் (ஆறு கார்பன்) வால் வெச்ச பாலிதயோஃபீன், வாங்கச் சொன்னாங்க. நான் கேட்டலாக்ல இருக்கறதுலயே விலை கம்மியா ஒண்ணைப் பார்த்து ஆர்டர் போட்டுட்டேன், கைடுக்கு காசு மிச்சம் பண்ணிக் குடுத்த பெருமை வேற. நல்லா கரைஞ்சுது, சூப்பரா ஃபிலிம் வந்துச்சு, டிரான்சிஸ்டர் பண்ணி அளந்தா ஒண்ணுமே இல்ல, கோடு தரையோட தரையா கிடக்கு. க்ளோவ் பாக்ஸ் (காத்து புகாத பெட்டி) லீக்கா, சப்ஸ்ட்ரேட் (ஃபிலிம் பூசற தட்டு) சரியா கழுவலயான்னு ஆறு வாரம் மண்டைய உடைச்சிக்கிட்டேன். கடைசில திருநெல்வேலி சீனியர் அக்கா ஒருத்தங்க வந்து ஃபிலிமைப் பார்த்துட்டு, "ஏன்டா இது ஆரஞ்சாவே இருக்கு, பாட்டில்ல ரீஜியோரெகுலர்னு போட்டிருக்கா பாரு"ன்னாங்க. போடல. ரீஜியோரெகுலர்னா எல்லா வாலும் ஒரே ஒழுங்குல ஒட்டியிருக்கற ரகம்.

அக்கா அவங்க பாட்டில்ல இருந்து ஒரு சொட்டு எடுத்து கண்ணாடி ஸ்லைடுல வெச்சாங்க. ஆரஞ்சு கலர் சொட்டு. குளோரோஃபார்ம் ஆவியாக ஆவியாக ஓரத்துல இருந்து உள்பக்கமா கத்திரிப்பூ கலர் ஏறிக்கிட்டே வந்து சில செகண்ட்ல முழு சொட்டும் மாறிப்போச்சு. பக்கத்துல என் சொட்டு காஞ்சும் ஆரஞ்சாவே உக்காந்திருந்துது. ரெண்டுலயும் அதே வளையம், அதே ஹெக்ஸைல், வால் எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுங்கறது மட்டும்தான் வித்தியாசம்!

பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து காலைல கிளம்பற பஸ்ஸை நினைச்சுக்கோங்க. எல்லாரும் முதுகுல லேப்டாப் பை, எல்லாரும் முன்பக்கம் பார்த்து நின்னா வரிசை நேரா இருக்கும். நடுவுல ஒருத்தர் திரும்பி நின்னு ரெண்டு பேர் பையும் முட்டிக்கிச்சுன்னா ரெண்டு பேரும் உடம்பைக் கோணிக்கிட்டுத்தான் நிக்கணும். தயோஃபீன்லயும் ரெண்டு வால் நேருக்கு நேர் முட்டினா வளையம் ரெண்டும் முறுக்கிக்கும், முறுக்கின இடத்துல கான்ஜுகேஷன் (எலெக்ட்ரான் பரவற தொடர் பிணைப்பு) அறுந்த மாதிரிதான், எலெக்ட்ரான் அதைத் தாண்டிப் பரவாது. அதனாலதான் ஆரஞ்சு. எல்லா வாலும் ஒரே ஒழுங்குல இருந்தா பேக்போன் தட்டையாகி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கும், கரைசல்ல 450 நானோமீட்டர் பக்கம் இருந்த ஒளி உறிஞ்சல் ஃபிலிம்ல 550 பக்கம் தள்ளிப்போகும், 600 கிட்ட ஒரு தோள் (சின்ன புடைப்பு) வேற தெரியும். மெக்கல்லோ குழுவும் ரைக்கே குழுவும் 90கள் ஆரம்பத்துல இந்த ஒழுங்கான பாலிமரை செய்ய வழி கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் இந்த ஃபீல்டே சூடு பிடிச்சுது.

அடுக்குல பேக்போனுக்கும் பேக்போனுக்கும் 3.8 ஆங்ஸ்ட்ராம்தான் இடைவெளி, அந்த திசைல சார்ஜ் தாவிடும். வால் இருக்கற திசைல 16 ஆங்ஸ்ட்ராம், அது சுவர் மாதிரி. அதனால அடுக்கு எந்தப் பக்கம் சாய்ஞ்சு படுக்குதுங்கறதே தலையெழுத்து. 1999ல கேம்பிரிட்ஜ்ல சிரிங்ஹாஸ் குழு காட்டினாங்க, இதே பி3ஹெச்டி சப்ஸ்ட்ரேட் மேல வாலை ஊனி விளிம்புல நின்னா டிரான்சிஸ்டர் மொபிலிட்டி (சார்ஜ் எவ்வளவு சுலபமா நகருதுங்கற அளவு), மல்லாந்து படுக்கறதை விட 100 மடங்குக்கு மேல! சோலார் செல்லுக்கு கரண்ட் மேலயும் கீழயும் போகணும், அங்க மல்லாந்து படுத்தாத்தான் நல்லது. ஒருத்தருக்கு நல்ல ஃபிலிம் இன்னொருத்தருக்கு குப்பை.

நீளம் கூடினா கரையறது சுலபம், உருகுநிலை இறங்கும், சுவர் தடிக்கும். எத்தில்ஹெக்ஸைல் மாதிரி கிளை விட்ட வால் இன்னும் நல்லா கரைய வைக்கும், ஆனா கிளை பேக்போனுக்கு ஒட்டியே இருந்தா அடுக்கு நெருங்க விடாது. அதனால கிளையை ரெண்டு மூணு கார்பன் தள்ளி வெப்பாங்க, சின்ன தந்திரம்தான், நல்லா வேலை செய்யும். பிபிடிடிடி (PBTTT)ங்கற இன்னொரு தயோஃபீன் பாலிமர்ல வால்கள் கொஞ்சம் இடம் விட்டு இருக்கறதால ரெண்டு சீப்பை பல்லோட பல் கோத்த மாதிரி பக்கத்து அடுக்கு வாலோட கோத்துக்கும், அதனால கிரிஸ்டல் ரொம்ப ஒழுங்கா வரும்.

வால் எலெக்ட்ரானிக்ஸ்ல தலையிடாதுங்கறதும் முழுசா உண்மை இல்ல. வாலோட முதல் அணு ஆக்சிஜனா இருந்தா அது பேக்போனுக்கு எலெக்ட்ரான் குடுக்கும், பாலிமர் சுலபமா ஆக்சிடைஸ் ஆகிடும், கலரும் மாறும். ஆல்கைலுக்கு பதிலா கிளைக்கால் (glycol, நடுநடுவுல ஆக்சிஜன் இருக்கற) வால் போட்டா தண்ணியும் அயனியும் ஃபிலிமுக்குள்ள போகும், உடம்புல ஒட்டற பயோசென்சருக்கு இப்ப எல்லாரும் இதைத்தான் புடிச்சிருக்காங்க. ஓவரா போட்டா அப்பளம் ஊறின மாதிரி உப்பி கெட்டுப்போகும்.

உங்க ப்ராஜெக்ட்டுக்கு ரீஜியோரெகுலர் பி3ஹெச்டியே எடுங்க, புதுசா எதுவும் சிந்தஸைஸ் பண்ணப் போகாதீங்க, ஆறு மாசம் பத்தாது. டொலுவீன்ல கரைச்சா ராத்திரி அப்படியே விட்டுட்டுப் போகாதீங்க, டிசம்பர் குளிர்ல எனக்கு காலைல வந்து பார்த்தா ஜெல்லி மாதிரி கெட்டியாகி இருந்துது, திரும்ப சூடு பண்ணினா கரைஞ்சிரும். முடிஞ்சா ஒழுங்கில்லாத ரகமும் ஒரு கிராம் வாங்கி பக்கத்துல பக்கத்துல யூவி (ஒளி உறிஞ்சல் அளவு) எடுத்துப் பாருங்க, ரிப்போர்ட்ல ரெண்டு பக்கம் தானா நிரம்பும். என் பாட்டில் இன்னும் அந்த லேப் ஃப்ரிட்ஜ்லதான் இருக்காம், புதுசா சேர்றவங்களுக்கு ரெண்டு சொட்டு வெச்சுக் காட்டறாங்களாம், யார் வாங்கினதுன்னும் சேர்த்து சொல்றாங்களாம்.