வாடாத பூவும் அழுகும் கள்ளியும்

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வசிக்கும் வாசகி ஒருவர், தென்னமெரிக்கக் கள்ளி என்று சொல்லி விற்கப்பட்ட சிறிய உருண்டைச் செடியை வாங்கியிருக்கிறார். அதன் மஞ்சள் பூ மூன்று மாதமாக வாடவில்லை என்றும், அடிப்பகுதி மட்டும் மெதுமெதுப்பாகிப் பழுப்பேறுகிறது என்றும் எழுதி, அது மீண்டும் பூக்க வழி கேட்டிருக்கிறார்.

அம்மா, அது அந்தச் செடியின் பூவே அல்ல. நீண்ட நாள் நிற்கும் ஜிம்னோகலீசியம் என்ற உருண்டைக் கள்ளியின் பூவும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வாடிவிடும். உங்களிடம் இருப்பது வேறொரு செடியின் உலர்ந்த பூ. சூடான பசையால் குருத்தின்மேல் ஒட்டப்பட்டது. ஈரம் பட்டால் அது மூடும், காய்ந்தால் விரியும் என்பதால் பலரும் உயிருள்ள பூவென்றே நம்பிவிடுகிறார்கள். இதழ்களின் அடியில் உறைந்த பசைத்துளி தெரியும். பிடுங்கினால் குருத்து கிழியும். பூவை மட்டும் கத்தரித்துவிடுங்கள், செடி வளர வளரப் பசை தானாக விலகும்.

ஒட்டியவருக்கும் இடைத்தரகருக்கும் இது நன்றாகவே தெரியும். வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், நோயற்றதென்ற சான்றிதழ் வேண்டும். கள்ளிகள் அநேகமாக அனைத்தும் அழிவுக்குள்ளாகக்கூடிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்கும் உட்பட்டவை. முறைப்படி விண்ணப்பிப்பவர் கடிதங்களோடு அலைந்துகொண்டிருக்க, பயணப்பெட்டியில் ஒளித்துக் கொண்டுவருபவர் கடை விரித்துவிடுகிறார். செடியின் சரியான பெயரை எழுதி விற்கும்படி அவரை வற்புறுத்த ஆளில்லை.

அழுகலுக்குக் காரணம் ஈரம். செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, உள்ளே பழுப்பு வளையம் தெரியாத இடம்வரை சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். பத்து நாள் நிழலில் உலர்த்தியபின், பருமணலும் சிறு சல்லியும் கூடுதலாகவும் கூட்டெரு குறைவாகவும் கலந்து, அடியில் துளையுள்ள மண்சாடியில் வையுங்கள். வேர் விடும்வரை நீர் வேண்டாம். அதன்பின் காலை வெயில் போதும். கலவை முழுதும் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும், மழைச்சாரல் படக்கூடாது.

சிவப்புத் தலைக் கள்ளிக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அந்தத் தலை பூவல்ல. பச்சையம் இல்லாத ஜிம்னோகலீசியம். தானே உணவு தயாரிக்க இயலாததால் டிராகன் பழ இனத் தண்டில் ஒட்டுக்கட்டப்பட்டிருக்கிறது. தண்டுக்குக் கூடுதல் நீர் தேவை, தலையோ கடும் வெயிலில் கருகும். தண்டு தளர்ந்தால் தலையைப் புதிய தண்டில் மாற்றிக் கட்டாமல் காப்பாற்ற முடியாது.

உண்மையான பூ வேண்டுமானால் பச்சை ஜிம்னோகலீசியத்தைத் தேடுங்கள். ரெபூசியா என்ற சிறு கள்ளியைக் கொழும்பில் வாங்காதீர்கள்: பொலிவியா, வடமேற்கு ஆர்ஜென்டீனா மலைச்சரிவுகளைச் சேர்ந்த அதற்கு மொட்டுவிடக் குளிர்ந்த, வறண்ட ஓய்வுக்காலம் வேண்டும். அந்தக் குளிர் நுவரெலியாவில் உண்டு, வெள்ளவத்தையில் இல்லை.