11¼ மீற்றர் துணிக் கணக்கு: மீதி அரை மீற்றர் இல்லை, முக்கால் மீற்றர்

வணக்கம் சகோதரி. 11¼ மீற்றர் மருதமுனைக் கைத்தறித் துணியில் 1½ மீற்றர் துண்டுகள் எத்தனை வெட்டலாம், மீதி எவ்வளவு என்ற கணக்குக்கு மகன் "7 துண்டு, மீதி ½ மீற்றர்" என்று எழுத, பிழை போட்டுவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வகுத்தல் சரி, மகன் நன்றாகவே செய்திருக்கிறார். கடைசி வரியில்தான் தவறு.

11¼ என்பது 45/4, 1½ என்பது 3/2. வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கினால் 45/4 × 2/3 = 7½.

இந்த 7½ என்பது மீற்றர் கணக்கு இல்லை, துண்டுக் கணக்கு. அதாவது ஏழு முழுத் துண்டும் அரைத் துண்டும். ஒரு துண்டு 1½ மீற்றர் என்றால் அதில் பாதி ¾ மீற்றர். சரிபார்க்க, 7 × 1½ = 10½. 11¼ இலிருந்து 10½ போனால் ¾. கல்லடியில் நான் பின்னேரங்களில் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளில் பலர் தடுமாறுவதும் இதே இடத்தில்தான்.

எழுதிக் காட்டுவதை விட, ஒரு நூலை 11¼ அங்குலத்துக்கு வெட்டிக் கொடுங்கள். 1½ அங்குலமாக அவரே வெட்டிக்கொண்டு போகட்டும், மிஞ்சியதை அடிமட்டத்தில் வைத்து அளக்கட்டும்.

அப்புறம் ஒன்று: முழு எண்ணைத் தனியாகவும் பின்னத்தைத் தனியாகவும் வகுக்க விடாதீர்கள். 11 ÷ 1, ¼ ÷ ½ என்று போனால் 11½ வரும். ஒன்றரை மீற்றர்ப்படி பதினொரு துண்டுக்கே 16½ மீற்றர் துணி வேண்டுமே!