நெல் விளைந்த நிலத்தில் போட்ட மனையை வாங்கினால் அந்த ஊருக்கு உண்மையிலேயே பாதிப்பு உண்டா?

மதுராந்தகம் பக்கம் மனை பார்த்திருக்கிறீர்கள், முன்பு கழனியாக இருந்த இடம், வாங்கினால் ஊர்க்காரர்கள் வயிற்றில் அடித்த மாதிரி ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் வாடகைக்கு இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப்போய் பிரியாணி போட்டு மனையைக் காட்டியிருப்பார்கள் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். அந்த வேன் வந்து நிற்கும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. மனைக்கு நிலம் கொடுத்தவர்களில் எங்கள் வீடும் ஒன்று.

கமென்டில் "சோறு போட்ட மண்ணை வித்துட்டியே" என்று வரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு 11 ராத்திரி தார்ப்பாய்க்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். காய வைத்தால் மழை வரும், மறுபடி ஈரம். கடைசியில் 40 கிலோ மூட்டை ஒவ்வொன்றுக்கும் எடை போடுபவருக்கு இவ்வளவு, தைப்பவருக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. ரசீது கிடையாது. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் இதைச் சொல்லாமல் நாங்கள் விற்ற கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2013-ல் விற்றோம். 1 ஏக்கர் 40 சென்ட். அக்கா கல்யாணக் கடன் அதில்தான் அடைந்தது. பக்கத்துக் கழனிக்காரர்களும் கொடுக்க, மொத்தம் 6 ஏக்கர் சேர்ந்தது. அப்போதெல்லாம் பஞ்சாயத்து அப்ரூவல் என்ற பெயரில் ஒரு சீல் இருந்தால் போதும், பத்திரம் பதிந்துவிடும். பள்ளத்தை மேடாக்கக் கொட்டும் சவுடு மண் லாரி லாரியாக வந்து இறங்கியது. மூன்றடி உயர்த்தி, ரோடு போட்டு, மஞ்சள் கல் நட்டு, கலர் கொடி கட்டினார்கள்.

எங்கள் கழனிக்குக் கீழே சித்தப்பாவுக்கு 60 சென்ட். ஏரி மதகிலிருந்து வரும் தண்ணீர் எங்கள் கழனியில் பாய்ந்து, வரப்பில் வெட்டிய மடை வழியாக அவர் கழனிக்கு இறங்கும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். எழுத்து எதுவும் கிடையாது. அதற்காக யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கியதும் இல்லை.

சவுடு கொட்டிய மறுநாள் சித்தப்பா மண்வெட்டியோடு வந்து நின்றார். "என் தண்ணி எங்கடா போவும்?" என்றார். மனை போட்டவரின் மேனேஜர் சண்டை போடவில்லை. எஃப்எம்பி என்கிற அரசு நில அளவை வரைபடத்தை வண்டியின் பானெட் மேல் விரித்து, "ஐயா, இதுல வாய்க்கால் இருந்தா காட்டுங்க, இன்னைக்கே விட்டுடறேன்" என்றார். இல்லைதான். பட்டா நிலத்துக்குள் கழனிக்குக் கழனி வழிந்த தண்ணீர் எந்த வரைபடத்தில் இருக்கும்? சித்தப்பா என் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அந்த வருஷச் சம்பா அவருக்கு இல்லாமல் போயிற்று. அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசல்படியை அவர் மிதிக்கவில்லை.

2015 மழையில் கதை தலைகீழ். மேட்டு மனைகளில் பெய்த மழை மொத்தமும் ரோட்டோடு ஓடிச் சித்தப்பா கழனியில் இறங்கியது. கடன் வாங்கி நட்ட பயிர் ஒன்பது நாள் முழுகிக் கிடந்தது. "தண்ணி வேணும்னு கேட்டேன்ல, குடுத்துட்டான்" என்று டீக்கடையில் சொன்னாராம். இப்போது அந்த 60 சென்டில் சீமைக் கருவேலம்தான். நாங்கள் விற்காவிட்டாலும் பக்கத்துக்காரர் விற்றிருப்பார் என்று எனக்கு நானே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டாயிற்று.

வாங்கியவர்களும் நிம்மதியாக இல்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் அப்படிப்பட்ட மனைகளைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வரன்முறைத் திட்டம் வந்து, கட்டிய மனைகள் தப்பித்தன. மனை போட்டவர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். முறையாக அங்கீகாரம் வாங்கியிருந்தால், 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவு என்பதால் ரோடு போக மிச்ச இடத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாகப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த இடத்தையும் மனையாக விற்றாயிற்று.

நூற்றுச் சொச்சம் மனையில் இன்றைக்கு வீடு 9. மிச்சமெல்லாம் புதர். 1200 சதுர அடிக்குள் ஒரு மூலையில் போர்வெல், இன்னொரு மூலையில் செப்டிக் டேங்க். அந்த வீடுகளுக்கு அடுத்த கிணற்றில் குடிக்கத் தண்ணீர் எடுத்த காலம் போயிற்று. ஆடு மேய்த்தவர்கள் ஆட்டை விற்றுவிட்டார்கள். நடவுக்குப் போன பெண்களில் பாதிப் பேர் கம்பெனி வேனில் போகிறார்கள். இதை மட்டும் கெடுதல் என்று சொல்ல மாட்டேன், சம்பளம் மாதாமாதம் வருகிறது.

நீங்கள் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அங்கீகார எண், வில்லங்கம், தாய்ப்பத்திரம் பார்ப்பதோடு நிற்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை வேன் இல்லாமல் தனியாகப் போங்கள். மனைக்குக் கீழ்ப்பக்கம் கழனி வைத்திருப்பவர் யாரென்று விசாரித்து, தண்ணீர் முன்பு எந்தப் பக்கமாகப் போச்சு என்று அவரிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

எங்கள் ஊர் மனையில் வீடு கட்டிய ரிட்டயர்டு சார் ஒருவர், வாசலில் முழங்கால் தண்ணீர் நின்ற பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்து இதைக் கேட்டார். அப்பா கைத்தடியோடு போய், தெருவில் கோடு இழுத்துக் காட்டினார். பழைய மடை இருந்த இடம் 37-ம் நம்பர் மனைக்குள் வருகிறது. அதன் குறுக்கே ஒரு குழாய் பதித்தால் தெருத் தண்ணீரும் வடியும், சித்தப்பா கழனி ஓரமாகவே ஓடைக்கும் கொண்டுபோய் விட்டுவிடலாம். சித்தப்பாவும் சரி என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். 37-ம் நம்பர்காரர் துபாயில் இருக்கிறார் என்கிறார்கள். நாலு வருஷமாக அவர் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.