முனைவர் பட்ட ஆய்வு உதவித்தொகைக்கு வலுவான விண்ணப்பத்தை எப்படித் தயாரிப்பது?

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆய்வு மாணவர்களுக்கு வழங்கும் ஜி.ஆர்.எஃப்.பி. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இருப்பதாகவும், மதிப்பெண்கள் நன்றாக இருந்தாலும் ஆய்வுக் கட்டுரை ஒன்றுகூட வெளியாகவில்லையே என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் இதற்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டில் கிடைக்கவில்லை. முனைவர் பட்டப் படிப்பின் முதலாண்டில் கிடைத்தது. இரண்டு முறையும் என் பெயரில் வெளியான கட்டுரை எதுவும் இல்லை என்பதால், வேறுபாடு எழுத்தில்தான் இருந்தது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். முனைவர் பட்டத்தில் சேர்ந்தபின் ஒரே ஒரு முறைதான் விண்ணப்பிக்கலாம் என்பதால், சேர்வதற்கு முன்பே ஒருமுறை முயன்று பார்ப்பதை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

1952 முதல் வழங்கப்பட்டுவரும் இந்த உதவித்தொகை ஐந்தாண்டுக் காலத்துக்குள் மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அண்மைய அறிவிப்புகளின்படி ஆண்டுக்கு 37,000 டாலர். ஆனால் விண்ணப்பம் எழுத உட்காரும்போது நினைவில் வைக்க வேண்டியது வேறொன்று: இந்தப் பணம் ஆளுக்குத் தரப்படுகிறது, திட்டத்துக்குத் தரப்படுவதில்லை. நீங்கள் எழுதிக்கொடுக்கும் ஆய்வைத்தான் பிறகு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே இரண்டு பக்க ஆய்வுத் திட்டத்தைப் படிக்கும் மதிப்பீட்டாளர், இந்த மாணவர் ஒரு கேள்வியை எப்படி எழுப்புகிறார், அதை எப்படிச் சோதிக்கிறார், சோதனை பொய்த்தால் என்ன செய்வார் என்பதையே அதில் தேடுகிறார்.

என் முதல் விண்ணப்பம் சறுக்கியது இங்கேதான். காலநிலை மாற்றம், உணவுப் பாதுகாப்பு, பெருகும் மக்கள்தொகை என்று முக்கால் பக்கம் எழுதியபிறகுதான் என் கேள்வி தலைகாட்டியது. அதுவும் வறட்சியைத் தாங்கும் தன்மையை 'ஆராய்வேன்' என்ற அளவில் நின்றுவிட்டது. எதையும் மறுக்க முடியாதபடி எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தைச் சோதிக்கவும் முடியாது என்று என் நெறியாளர் சொன்னது அப்போது எனக்குக் கசந்தது. இரண்டாம் முறை மூன்றாவது வரியிலேயே கேள்வியை வைத்தேன்: சில சோள வகைகள் ஒளிச்சேர்க்கை நிகழாத இரவிலும் நீரை இழக்கின்றன, அந்த இழப்பு முழுமையாக மூடாத இலைத்துளைகளின் வழியே நிகழ்கிறதா, அல்லது இலையின் மேற்தோலில் உள்ள மெழுகுப் படலத்தின் வழியே கசிகிறதா? முதல் வழிதான் காரணம் என்பது என் கருதுகோள். அது சரியானால் எந்த அளவீடு எப்படி மாறும் என்பதையும், தவறானால் மெழுகுப் படலத்தின் கசிவைத் தனியாக அளக்க எந்தச் சோதனையை வைத்திருக்கிறேன் என்பதையும் அடுத்தடுத்து எழுதினேன். கருதுகோள் பொய்த்தாலும் ஆய்வு நின்றுவிடாது என்று காட்டிய அந்த நான்கு வரிகளை மதிப்பீட்டாளர்களில் இருவர் தங்கள் கருத்துரையில் குறிப்பிட்டிருந்தார்கள். விண்ணப்பம் தேறாவிட்டாலும் இந்தக் கருத்துரைகள் உங்களுக்கு வந்துசேரும். மனம் ஆறியபின் அவற்றைக் கட்டாயம் படியுங்கள்.

மூன்று பக்கத் தன்விவரக் கட்டுரையில் சிறுவயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம் என்று தொடங்காதீர்கள். ஆய்வுக் கட்டுரை வெளியாகவில்லை என்ற உங்கள் கவலைக்கு விடை இருக்கும் இடமும் இதுதான். ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதம் வேலை செய்தீர்கள் என்றால், அங்கே எந்த முடிவை நீங்களாக எடுத்தீர்கள், எந்தத் தவறை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். என் அளவீடுகள் மூன்று வாரம் தாறுமாறாக வந்ததற்குக் கருவியின் ஈரப்பத உணரிதான் காரணம் என்று கண்டறிந்ததை நான் ஒரு பத்தி முழுக்க எழுதினேன். அது பெரிய சாதனை இல்லை, ஆனால் முழுக்க நான் செய்த வேலை.

விண்ணப்பத்தை மதிப்பிடும் அறிவியல் தகுதி, சமூகப் பயன் என்ற இரண்டு அளவுகோல்களையும் ஆய்வுத் திட்டம், தன்விவரக் கட்டுரை இரண்டிலும் தனித் தலைப்பிட்டு எழுத வேண்டும். இரண்டாவதைப் பலர் கடைசி நேரத்து ஒட்டுவேலையாகச் செய்வது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் சொல்லித்தருவேன் என்ற வாக்குறுதி, அதற்குமுன் ஒரு நாள்கூட அதைச் செய்திராதவரிடமிருந்து வரும்போது வெறுமையாக ஒலிக்கிறது. ஏற்கெனவே சிறிதாகச் செய்துவருவதை எடுத்துக்கொண்டு, அது ஆய்வோடு சேர்ந்து எப்படி வளரும் என்று சொன்னால் போதும்.

பரிந்துரைக் கடிதங்களுக்குக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். குறித்த நேரத்துக்குள் இரண்டு கடிதங்களாவது வந்துசேராவிட்டால் விண்ணப்பம் மதிப்பீட்டுக்கே போகாது. வகுப்பில் மட்டும் பார்த்த புகழ்பெற்ற பேராசிரியரைவிட, உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கு எடை அதிகம். கேட்கும்போது உங்கள் வரைவையும், அவர் நேரில் பார்த்த இரண்டு மூன்று நிகழ்வுகளின் நினைவூட்டலையும் சேர்த்துக் கொடுங்கள். எப்படிப் புகழ வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். எழுத்தளவு, ஓர விளிம்பு போன்ற வடிவ விதிகளை மீறிய விண்ணப்பங்கள் படிக்கப்படாமலேயே திருப்பி அனுப்பப்படும் என்பதால், அவ்வாண்டு அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

மதிப்பீட்டாளர் உங்கள் பெருந்துறையைச் சேர்ந்தவராக இருப்பார், உங்கள் உட்பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. அதனால் அனுப்புவதற்குப் பத்து நாள் முன்பு, வேதியியல் படிக்கும் என் அறைத்தோழரிடம் ஆய்வுத் திட்டத்தைக் கொடுத்து, ஒருமுறை படித்தபின் தாளை மூடிவைத்துவிட்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லச் சொன்னேன். இலைத்துளைகளை இரவில் மூடவைக்க நான் ஒரு மருந்து தயாரிக்கப்போவதாக அவர் புரிந்துகொண்டிருந்தார். அவரை அப்படி நினைக்கவைத்த இரண்டு வாக்கியங்களைத் தேடிப்பிடித்து மாற்றி எழுதினேன்; அனுப்பியது அந்த வடிவத்தைத்தான்.